பெரிய கல்தான் கைக்கு வரும்

போன வாரம் சமையலறையில் நின்றுகொண்டு என் மாப்பிள்ளை என்னிடம் வாங்கிய வாக்கு இன்று காலை என் கழுத்துக்கே வந்துவிட்டது.

வாக்கு இதுதான். ஊரே சிரித்த ஒரு பத்திரிகைத் தலைப்பு. அதை எழுதியது அவர்தான் என்று என் மகளிடம் நான் மூச்சுவிடக் கூடாது, அவளுடைய வகுப்பு முடிகிறவரை.

"அவளே பதற்றத்துல இருக்கா அத்தை. இதையும் அவ தலையில ஏத்த வேண்டாம். வகுப்பு முடியட்டும், நானே சொல்லிடறேன்."

சரி என்றேன். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குகிற பழக்கம் கிடையாது.

அந்த வகுப்பு இன்றைக்குத்தான்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகளும் அதே படிப்பைப் படித்தாள். வீட்டில் அவளுக்குப் புள்ளி என்றே பெயர். என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளை பத்திரிகைக்காரர். எண்களோடு அவருக்கு உள்ள உறவு, தூரத்துச் சொந்தத்தோடு உள்ள உறவு மாதிரி. கல்யாண வீட்டில் பார்த்தால் சிரிப்பார், வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்.

எங்கள் புள்ளியியலாளர் சங்கம் ஒரு நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. தொழிலில் எண்களைத் தொடுகிற யாரும் வரலாம். நர்ஸ் வருவார், குடிநீர்ப் பொறியாளர் வருவார், இன்ஷூரன்ஸ்காரர் வருவார். புள்ளி முதல்முறையாகப் பாடம் எடுக்கிறாள். கடைசி வரிசையில் சங்கத்தின் மதிப்பீட்டாளர் உட்கார்ந்து பார்ப்பார். அவர் திருப்தியானால் என் மகள் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர். இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவளிடம் வேலை இல்லை. இதை நம்பிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையும் அந்த வகுப்புக்கு வருகிறார். ஆர்வத்தில் வருவதாக அவளிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அவருடைய பத்திரிகை ஆசிரியர் அந்தத் தலைப்புக்குத் தண்டனையாக அனுப்பியிருந்தார்.

நானும் போகிறேன். சங்கத்தில் மூத்த உறுப்பினர் என்ற பட்டம் நிலைக்க வேண்டுமானால், ஓய்வு பெற்றவர்களும் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சியில் உட்கார வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். வாசல் பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் இருக்கிறது. முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவளை வகுப்பில் உட்காரச் சொன்னால் எங்கே போவது? ஊரார் வகுப்பில் உட்காருவதற்கு மகள் வகுப்பில் உட்காரலாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் வீடே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரமாக எங்கள் வீட்டில்தான். குளியலறையில் என் வீட்டுக்காரர் கூழாங்கற்களைக் கழுவித் துண்டில் பரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு எண்.

"அப்பா, இருபத்தேழாம் நம்பர் கல்லக் காணோம்."

"சோப்பு டப்பாவுல பாரும்மா. எடை எழுதும்போது அங்க வச்சேன்."

"சோப்பையும் சேத்து நிறுத்துடலையே?"

"நாப்பது வருஷம் மருந்து நிறுத்தவன்கிட்டப் பேசற பேச்சா இது?"

மருந்துக்கடைத் தராசை அவர் இரண்டு நாளாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது ஒரு அரங்கேற்றம் மாதிரி.

புள்ளி நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"அம்மா, இதப் பாருங்க. முதல்ல கல்லுப் பாடம். அது முடிஞ்சதும் இது. சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டையும் முடிச்சாகணும்."

பார்த்தேன். தேநீர் புரையேறியது.

திரை முழுக்க அந்தத் தலைப்பு. 'பத்தில் ஏழு பஸ்களில் நிற்கவும் இடமில்லை.'

"எந்த மகானுபாவன் எழுதினானோ. பஸ்காரங்க பதிலுக்கு மொத்தக் கணக்கையும் வெளியிட்டாங்க தெரியுமா? பத்துல ரெண்டு பஸ்லதான் நெரிசல். இத விடச் சரியான பாடம் எனக்கு எங்க கிடைக்கும்? கேள்வி எப்படிக் கேட்டான்னு எழுதினவனே வந்து நின்னு சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"உன் வீட்டுக்காரர் பத்திரிகைதானே இது?"

"ஆமா. அவன் கோர்ட் செய்தி எழுதறவன். இவனுக்கும் பஸ்ஸுக்கும் என்ன? ஆபீஸ்காரனக் கிண்டல் பண்ணா அவனும் சேர்ந்து சிரிப்பான்."

'அவன்.' கட்டின புருஷனை வாடா போடா என்று பேசாதே என்று நானும் சொல்லி அலுத்துவிட்டேன். ஆனால் இப்போது கவலை அதுவல்ல. பஸ் செய்தி எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்ததால் அந்த வாரம் அவருக்குப் பதிலாக எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். செய்தியின் கீழே 'நமது செய்தியாளர்' என்று மட்டும்தான் இருந்தது.

"இது வேண்டாம் புள்ளி. வேற ஒண்ணு போடு."

"ஏன்?"

"அடுத்தவர் தப்பைக் காட்டிப் பாடம் நடத்துறது நமக்கு அழகில்ல."

"நீங்க முப்பது வருஷம் அதைத்தானேம்மா நடத்துனீங்க?"

காரணத்தைச் சொன்னால் வாக்கு போயிற்று. வாக்கு போனாலும் பரவாயில்லை என்றால், மேடை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் 'அந்த மகானுபாவன் உன் புருஷன்தான்' என்று சொல்லி அவளை எந்தக் காலில் நிற்கவைப்பது?

மாப்பிள்ளையையாவது எச்சரிக்கலாம் என்று போன் செய்தேன். காலையிலேயே கோர்ட்டுக்குப் போயிருந்தார். உள்ளே போனை அணைத்துவிடச் சொல்வார்களாம். பெண் குரல் ஒன்று பிறகு முயலுமாறு என்னிடம் பணிவாகச் சொன்னது.

சங்கக் கட்டடத்தில் மாடி அறை. நான்கு மேசைகள், சுவரில் பெரிய கடிகாரம், வெள்ளைப் பலகை. நடு மேசையில் துண்டு விரித்து, அதன்மேல் கற்குவியல். பக்கத்தில் தராசு. பலகையின் ஓரத்தில் புள்ளி எழுதியிருந்தாள்: கற்கள். தலைப்பு. ஒரு மணிக்குச் சாப்பாடு.

மதிப்பீட்டாளர் ஒல்லியான அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். புள்ளி நேராக அவரிடம் போனாள்.

"முன்னாடியே சொல்லிடறேன் மேடம். வந்திருக்கறவங்கள்ல எங்க அம்மாவும் இருக்காங்க, என் கணவரும் இருக்கார்."

"சொன்னது நல்லது. அவங்கள எப்படி நடத்தறீங்கன்னும் பாத்துக்கறேன். இன்னொண்ணு. பலகையில எழுதின பாடத்தை எழுதின நேரத்துக்குள்ள முடிக்கணும். அது எங்க முதல் விதி."

மாப்பிள்ளை கடைசி ஆளாக மூச்சிரைக்க வந்து, என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, எனக்கு எட்டாத மூலை மேசையில் உட்கார்ந்தார். வகுப்பு தொடங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கல்லுப் பாடம் சாப்பாட்டு நேரம்வரை நீண்டுவிட்டால்? தலைப்புக்கு நேரம் இருக்காது. இடைவேளையில் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்துவிடலாம். ஒரு வகுப்பை எப்படி இழுத்தடிப்பது என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் வகுப்புகளில் அதைச் செய்தவர்களை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

"இங்க அறுபது கல்லு இருக்கு" என்றாள் புள்ளி. குரல் முதல் வரியில் லேசாகத் தடுமாறி, இரண்டாம் வரியில் நிலைத்துவிட்டது. "ஒரு கல்லோட சராசரி எடை என்னன்னு கண்டுபிடிக்கணும். எல்லாத்தையும் நிறுக்க நேரமில்ல. மொத்தக் குவியலுக்கும் பிரதிநிதியா அஞ்சு கல்ல நீங்களே பாத்து எடுங்க. நிறுத்து, அஞ்சால வகுத்துச் சொல்லுங்க."

நான் கையைத் தூக்கினேன்.

"சொல்லுங்க."

"தராசைச் சரிபார்த்தது யார்?"

"அப்பாம்மா."

"அவருக்கு என்ன தகுதி?"

"உங்கள இத்தனை வருஷம் சமாளிச்சிருக்கார். அதுக்கு மேல என்ன தகுதி வேணும்?"

அறை சிரித்தது. மதிப்பீட்டாளரும் சிரித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் அம்பு வீண்.

எல்லோரும் கற்களைச் சூழ்ந்தார்கள். வளர்ந்த மனிதர்களை ஒரு கல்மேட்டுக்கு முன்னால் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். குடிநீர்ப் பொறியாளர் ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நர்ஸ் கண்ணை மூடிக் கையால் எடை பார்த்தார். மாப்பிள்ளை அழகான கற்களாகப் பொறுக்கிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு இரண்டைத் திரும்ப வைத்தார். தராசுத் தட்டு டங் டங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

பலகையில் விடைகள் ஏறின. ஐம்பத்தெட்டு கிராம். அறுபத்தைந்து. அறுபத்திரண்டு. எழுபது.

"உண்மையான சராசரி என்ன தெரியுமா?" புள்ளி மேல்மூலையில் எழுதினாள். நாற்பது.

அறையில் 'உச்' என்று ஒரு சத்தம்.

"ஒருத்தராவது நாப்பதுக்குக் கீழ போனீங்களா? இல்ல. எல்லாருமே மேலதான்."

நான் எழுந்தேன். "இவங்க எல்லாம் பழக்கம் இல்லாதவங்க. பழகின கண்ணுக்கு இப்படி ஆகாது."

சொன்னது நேரத்தைக் கொல்லத்தான். ஆனால் சொல்லும்போதே நான் அதை நம்பினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

புள்ளி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க எடுங்கம்மா."

மெதுவாக நடந்துபோனேன். மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தேன். குவியலைச் சுற்றிவந்தேன். ஒரு பெரிய கல், இரண்டு நடுத்தரம், இரண்டு சிறியவை. யாருக்கும் குறை வைக்காத தேர்வு. இதைவிட நியாயமாக யாரும் எடுக்க முடியாது.

நர்ஸ் எட்டிப் பார்த்துத் தராசைப் படித்தார். "முன்னூத்திப் பத்து. அஞ்சால வகுத்தா அறுபத்திரண்டு."

நாற்பது எங்கே, அறுபத்திரண்டு எங்கே.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் பொறியாளர் மெல்ல.

"சறுக்கினது நான். யார் ஆனைன்னு நீங்க சொல்ல வேண்டாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் காது சூடாக இருந்தது.

"அம்மா எடுத்தது நியாயமாத்தான் தெரியுது" என்றாள் புள்ளி. "ஆனா குவியல எண்ணிப் பாருங்க. அறுபதுல நாப்பது குட்டிக் கல்லு. பெரிசு ஆறே ஆறு. நம்ம கண்ணு என்ன பண்ணுது? பெரிசுக்கும் ஒரு எடம் குடுன்னு சொல்லுது. குட்டிக் கல்லு மேல கண்ணு நிக்கவே மாட்டேங்குது. பெரிய கல்லுதான் கைக்கு வரும்."

அடுத்து பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். உள்ளே ஒன்று முதல் அறுபதுவரை எண் எழுதிய சீட்டுகள். குலுக்கி, ஐந்து சீட்டு எடுத்து, அந்த எண்ணுள்ள கல்லை நிறுக்க வேண்டும். இப்போது சராசரி இருபத்தைந்து வந்தது. ஐம்பத்திரண்டு வந்தது. முப்பத்து நாலு. நாற்பத்து நாலு.

பொறியாளர் விடவில்லை. "இருபத்தஞ்சும் தப்புதானே?"

"தப்புதான். குலுக்கலும் தப்பும் சார். ஆனா அது ரெண்டு பக்கமும் தப்பும். பல தடவ எடுத்தா ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும். கண்ணு எப்பவும் ஒரே பக்கமாத்தான் தப்பும். எத்தனை தடவ எடுத்தாலும் அது திருந்தாது."

அறையெங்கும் பேனாக்கள் ஓடின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு நாள் ஆகும். இவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் முடித்துவிட்டாள்.

ஆனால் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. தலைப்புக்குப் போதுமான நேரம்.

மறுபடியும் எழுந்தேன். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம பெரியவங்க சொல்லலையா? அவங்க என்ன குலுக்கல் போட்டா பார்த்தாங்க?"

"பானையக் கிளறி விட்டுட்டுத்தாம்மா எடுத்துப் பார்ப்பாங்க. அந்தக் கிளறல்தான் இந்தக் குலுக்கல்."

நர்ஸ் கைதட்டினார். நான் அதற்கும் மறுப்பு சொல்ல வாயெடுத்தபோது புள்ளி என் அருகில் வந்து குனிந்தாள்.

"அம்மா. எனக்கு இன்னொரு பாடம் பாக்கி இருக்கு. ஏம்மா இப்படிப் பண்றீங்க?"

கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கணக்கு வராதபோது அப்படித்தான் கடிப்பாள். அவள் தோளுக்கு மேலே கடைசி வரிசை தெரிந்தது. மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற மகளின் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து என்ன பயன்? திரையில் தலைப்பு வந்துவிட்டது.

'பத்தில் ஏழு பஸ்களில் நிற்கவும் இடமில்லை.'

பொறியாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இது அந்தக் கழுதை எழுதினதுல்ல? எங்க ஆபீஸ்ல நோட்டீஸ் பலகையிலயே ஒட்டியிருக்கோம்."

மூலை மேசையில் மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

என் வீட்டு மாப்பிள்ளையை என் கண் முன்னால் ஒருவர் கழுதை என்கிறார். என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டன.

"இந்தத் தலைப்பை எடுத்துடு. இது வகுப்புக்கு ஏத்த உதாரணம் இல்ல."

"அம்மா…"

"எடுத்துடுன்னு சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எழுதுவதைவிட அது பயமாக இருந்தது.

"அத்தை, உக்காருங்க."

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் ஏவலாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"போதும் அத்தை. காலையிலேர்ந்து எதுக்குக் கேள்வி கேக்கறீங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது." பொறியாளர் பக்கம் திரும்பினார். "சார், அந்தக் கழுதை நான்தான்."

பொறியாளர் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

நான் மகளைப் பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கடிகாரத்தையும் வகுப்பையும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பலகைப் பேனாவை அவரிடம் நீட்டினாள். நீட்டிய கை நடுங்கவில்லை.

"அப்ப இத உங்களவிட நல்லாச் சொல்றதுக்கு இங்க ஆள் இல்ல. வாங்க. கேள்வி எங்க நின்னு கேட்டீங்க, யார்கிட்டக் கேட்டீங்க, சொல்லுங்க."

கல்யாணமான நாளாக நான் கேட்டும் வராத 'வாங்க', இத்தனை பேர் நடுவில் தானாக வந்தது.

மாப்பிள்ளை பலகைக்குப் போனார். "பெரிய பஸ் நிறுத்தத்துல நின்னேன். எறங்கினவங்கள ஒவ்வொருத்தரா நிறுத்தி, உங்க பஸ்ல நிக்க இடம் இருந்துதான்னு கேட்டேன். பத்துல ஏழு பேர் இல்லன்னாங்க. ஒரு ஆளையும் விடல. பொய்யா ஒரு வார்த்தை எழுதல. அப்புறம் எப்படி ரெண்டு ஏழாச்சு? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல."

"பத்து பஸ் வரைங்க" என்றாள் புள்ளி. வரைந்தார். "எட்டு பஸ்ஸுல அஞ்சஞ்சு பேர். ரெண்டு பஸ்ஸுல அம்பது அம்பது பேர். இப்ப அத்தனை பேரையும் எறக்கிக் கேளுங்க."

நர்ஸ் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இருங்க இருங்க. எட்டஞ்சு நாப்பது. அந்த ரெண்டுல நூறு. மொத்தம் நூத்தி நாப்பது பேர். அதுல நூறு பேர் நெரிசல்னு சொல்வாங்க. பத்துல ஏழு. அப்படியே வருதே."

"பஸ்ஸ எண்ணினா?"

"பத்துல ரெண்டு."

மாப்பிள்ளை பேனாவை மூடாமலே நின்றார். "காலி பஸ்ல ஆளே இல்ல. அதனால அதுக்காகப் பேச ஆளும் இல்ல. நான் ஆளக் கேட்டுட்டு பஸ்ஸப் பத்தி எழுதிட்டேன்."

"அய்யோ" என்றார் நர்ஸ். "எங்க வார்டுலயும் அதேதான் நடக்குது. படுக்கையில இருக்கறவங்களப் பாத்து, எத்தனை நாளா இருக்கீங்கன்னு கேட்டு எழுதறோம். ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போறவங்க எப்பவும் கொஞ்சமாத்தானே கண்ணுல படுவாங்க. மாசக்கணக்கா இருக்கறவங்க எந்த நாள் கேட்டாலும் இருப்பாங்க."

"எங்க புகார் பெட்டியும் அப்படித்தானோ" என்று பொறியாளர் யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். "குழாயில தண்ணி நல்லா வர்றவன் எவன் எழுதிப் போடறான்?"

அதன்பின் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று பிரிக்க முடியவில்லை. இன்ஷூரன்ஸ்காரர் பலகைக்கே வந்துவிட்டார். புள்ளி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. ஒருவர் கேள்வியை இன்னொருவரிடம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களே அடித்துக்கொண்டு அவர்களே கண்டுபிடித்தார்கள். முப்பது வருஷத்தில் என் வகுப்பு இப்படிச் சத்தம் போட்டது கிடையாது. சத்தம் போட்டால் நான் விட்டதும் கிடையாது.

கடைசியாக நான் எழுந்தேன். மகள் முகத்தில் திகில் தெரிந்தது.

"கேள்வி இல்ல" என்றேன். "ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். மாப்பிள்ளை கையில வந்தது நெரிசல் பஸ். என் கையில வந்தது பெரிய கல். ரெண்டும் ஒரே தப்பு. அவர் ஆசிரியர் அவரைத் தண்டனைக்கு இங்க அனுப்பினார்னா, என்னையும் யாராவது அனுப்பியிருக்கணும். கழுதைன்னா எங்க வீட்டுல ரெண்டு."

பொறியாளர் எழுந்து கைகூப்பினார். "நோட்டீஸ் பலகையிலேர்ந்து எடுத்துடறேன்மா."

"எடுக்க வேண்டாம். பக்கத்துல இந்தப் பத்து பஸ்ஸயும் வரைஞ்சு ஒட்டுங்க."

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. புள்ளி பலகையின் ஓரத்தில் 'தலைப்பு' என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்தாள். அடுத்து மிச்சம் இருந்தது சாப்பாடு மட்டும்.

மாலையில் எல்லோரும் போனபின் மதிப்பீட்டாளர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஒரே ஒரு நாளப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு இன்னைக்கு நீங்களே நடத்தினீங்க" என்றார்.

புள்ளி கற்கள் போட்ட பையை மேசையில் வைத்தாள்.

"ஆனா சங்கம் எனக்கு ஒரு நாள்தான் குடுத்திருக்கு. அதுலயும் இவ்வளவு தொந்தரவு குடுத்த மாணவிய வச்சுக்கிட்டு நேரத்துக்குள்ள முடிச்ச ஆள நான் பாத்ததில்ல." கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து வகுப்பு எடுக்கலாம்."

என் மகள் பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே சீட்டுகள் சலசலத்தன.

எனக்கும் பயிற்சி மணிநேரச் சான்று வந்தது. குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருந்தார்: 'மிகத் தீவிரமாகப் பங்கேற்றார்.' பெயர்ப்பலகை தப்பித்தது.

படியில் இறங்கும்போது மாப்பிள்ளை ஆசிரியருக்குப் போன் செய்தார். அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில், தலைப்பு தவறு என்று போட வேண்டும், தன் பெயரோடு. ஆசிரியர், நாளைக்கு வந்து பார் என்றாராம்.

வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தோம். ஏறியதும் தெரிந்தது, கால் வைக்க இடமில்லை.

"அத்தை, இது அந்தப் பத்துல ரெண்டு" என்றார் மாப்பிள்ளை கம்பியில் தொங்கியபடி.

ஒரு புண்ணியவான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கற்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் என் தலைக்கு மேல் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளையின் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அந்தத் தலைப்ப வகுப்புக்குன்னு எடுத்தப்பவே, எழுதினது நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

எழுதினவனே வந்து நின்னு சொன்னா இன்னும் நல்லா இருக்கும் என்று காலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பேனாவை நீட்டிய கை நடுங்காததும்.

புள்ளி எட்டி மணியை அழுத்தினாள். "நம்ம நிறுத்தம் வருது. அம்மாவப் பிடிச்சுக்கோ."

ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணக்கு வராதபோது அப்படிக் கடிப்பாள் என்று சொன்னேன். சிரிப்பை அடக்கும்போதும் அப்படித்தான் கடிப்பாள். இது எது என்று என் பழகின கண்ணுக்குத் தெரியவில்லை.